பொது நூலகமும் நம் பொறுப்பும்

(கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு கல்விக் கழகத்தை இருபத்தைந்து ஆண்டுகள் குலையாமல் நடத்துவது எளிய செயலன்று. மாதச் சந்தாவுக்காக வீடு வீடாக நடந்து தேய்ந்த கால்கள் இந்த அவையில் இருக்கின்றன. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கடன் கேட்டு வந்தவர்களும், அதே பிள்ளை வேலைக்குச் சென்றபின் கடனோடு நன்கொடையும் சேர்த்துத் தந்தவர்களும் இருக்கின்றனர். இவர்களுடைய உழைப்பை முதலில் நினைத்துப் போற்றுகின்றோம்.

இவ்விழாவின் நினைவாக நம் குடியிருப்பில் நமக்கென்று ஒரு நூலகக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்ற கருத்து சில மாதங்களாகப் பேசப்பட்டு வருகின்றது. நிதியும் ஓரளவு சேர்ந்துள்ளது. நல்ல எண்ணம்தான். ஆயினும் செங்கல்லும் மணலும் வந்து இறங்குவதற்கு முன்னர் நாம் ஒன்றாக அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏற்கெனவே நம் வரிப்பணத்தில் நடைபெறும் நூலகம் ஒன்று இருக்கின்றதே, அதனை நாம் நம்முடையதாக்கிக் கொண்டோமா? இவ்வுரையின் மையம் அந்தக் கேள்வியே.

நாஞ்சில் நாட்டு மக்களுக்குப் பாசனத்தைக் கொண்டு சொன்னால் எதுவும் எளிதில் விளங்கும். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணை நிறைந்தவுடனே கன்னிப்பூவும் கும்பப்பூவும் தாமாக விளைந்துவிடுவதில்லை. கால்வாய் வழியாக வரும் நீர் தலைமடைக்கு முதலில் போகும். கடைமடைக்கு இறுதியில்தான் வரும். இடையில் கால் தூர்ந்து கிடந்தால் வரவே வராது. அந்தக் கால்களைத் தூர் வாரி, மடை திறந்து, பிறர் வயலுக்கு நீர் பாய்ச்சியவர்கள் நம் முன்னோர். இன்று அறிவு என்னும் நீருக்கு அணை இருக்கின்றது, வரியும் செலுத்துகின்றோம். கடைமடையில் இருப்பவர்கள் நாம். நமக்கு வரும் காலைத் தூர் வாருகின்றவர் யார் என்பதே கேள்வி.

நமக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு எத்துணை இடர்ப்பாட்டில் வளர்ந்தது என்பதைச் சற்றே நினைவுகூர்வோம். இம்மாவட்டத்தின் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சிகளின் கீழ் இருந்தன. அந்நாட்டின் தலைநகரில் 1829-ஆம் ஆண்டிலேயே பொது நூலகம் தோன்றிவிட்டது. ஆனால் ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்தும் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது 1936 நவம்பர் 12-ஆம் நாள். தெருவில் நடக்கத் தடை உள்ளவனுக்குத் தெருக்கோடியில் உள்ள நூலகத்தினால் பயன் யாது?

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊரூட்டம்பலம் என்னும் ஊரில் பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மகாத்மா அய்யன்காளி அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த பள்ளி தீக்கிரையாயிற்று. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் நிறுத்தியவரும் அவரே. கூலி உயர்வுக்காக நடந்த வேலைநிறுத்தங்களை உலகம் பல கண்டிருக்கின்றது. அரிச்சுவடிக்காக உழைப்பாளிகள் பட்டினி கிடந்த வேலைநிறுத்தம் நம் அண்டை மண்ணில் நடந்தது. நம் பிள்ளைகள் இதனை அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் இளமையில் நடந்த ஒன்றையும் சொல்ல விரும்புகின்றோம். அண்டை ஊர் ஒன்றில் வாசகசாலை இருந்தது. மாலையில் நாங்கள் மூவர் நாளிதழ் பார்க்கச் செல்வோம். எங்களை வராதே என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்த விசுப்பலகையில் நாங்கள் அமர்ந்ததில்லை. எல்லாரும் படித்து முடித்த தாள் திண்ணைக்கு வரும்வரை நின்றிருப்போம். தடை சுவரில் எழுதப்பட்டிருக்கவில்லை. எங்கள் முழங்காலில் எழுதப்பட்டிருந்தது. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது என்பதை நாங்கள் அறிந்தது பின்னாளில்தான். பொதுப்பணத்தில் நடக்கும் பொது இடங்களில் சாதியைக் காட்டி எவரையும் விலக்கலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு விதித்திருக்கின்றது. விலக்குவோர்க்குத் தண்டனை வழங்கும் சட்டம் 1955-இல் வந்தது. அதுவே 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரில் வழங்குகின்றது. இவற்றைச் சொல்லும் புத்தகம் அந்த வாசகசாலையின் அலமாரியிலேயே இருந்திருக்கக்கூடும். நாங்கள்தான் அலமாரி வரை சென்றதில்லை.

அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையை இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். பரோடா சமஸ்தானம் 1910 முதல் ஊர்தோறும் நூலகம் அமைத்துப் பெயர் பெற்றது. அதே பரோடாவில் 1917-இல், வெளிநாட்டுப் பட்டத்தோடு பணியேற்க வந்த அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. நூலகம் பெருகுவதால் மட்டும் மனம் மாறிவிடாது என்பதற்கு இது சான்று. ஆயினும் அவர் நூலகத்தைக் கைவிடவில்லை. இலண்டனில் பயின்ற நாட்களில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் காலையில் நுழைந்து, மூடும் நேரம் வரை அரைவயிற்றோடு அமர்ந்து படித்தார். பின்னர் பம்பாய் தாதரில் தாம் கட்டிய 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தைப் புத்தகங்களுக்காகவே அமைத்தார்.

இவை பலரும் அறிந்தவை. நம் கழகத்தார் சிறப்பாக அறிய வேண்டியது வேறொன்று. 1924 ஜூலையில் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் நோக்கங்களில், மாணவர் விடுதிகள் அமைத்துக் கல்வியைப் பரப்புவது முதலில் நின்றது. நூலகங்களும் சமூக நிலையங்களும் படிப்பு வட்டங்களும் அமைத்துப் பண்பாட்டை வளர்ப்பது அதனை அடுத்து நின்றது. தொழில், வேளாண்மைப் பயிற்சி இவற்றிற்குப் பின்னரே வந்தது. பள்ளிப் படிப்பு பட்டத்தைத் தரும். பட்டம் பெற்றவனும் பெறாதவனும் தொடர்ந்து சிந்திக்க நூலகம் வேண்டும். இந்த வேறுபாட்டை அவர் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டுவிட்டார்.

இனி நம் கழகத்தின் அனுபவத்துக்கு வருவோம். தொடக்க ஆண்டுகளில் நாமே ஒரு நூலகம் நடத்தினோம். மூத்த உறுப்பினர்களுக்கு அந்த இரும்பு அலமாரி நினைவிருக்கும். நன்கொடையாக வந்த நூல்களை அதில் அடுக்கினோம். முதல் ஆண்டில் கூட்டம் வந்தது. இரண்டாம் ஆண்டில் படித்த நூல்களே இருந்தமையால் கூட்டம் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் சாவி வைத்திருந்த தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அதன்பின் கரையான்தான் அந்நூலகத்தின் தவறாத வாசகன். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. நூலகம் என்பது கட்டடமன்று. நாள்தோறும் திறக்கும் கை, ஆண்டுதோறும் வரும் புதிய நூல், கேட்டதைத் தேடித் தரும் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது நூலகம் என்பதை நாம் விலை கொடுத்துக் கற்றோம்.

இம்மூன்றையும் தருவதற்கென்றே தமிழகத்தில் ஒரு சட்டம் இருக்கின்றது. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் இதுவே. சீர்காழியில் 1892-இல் பிறந்து, இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதனின் நெடுநாள் முயற்சியும், அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் துணையும் இதற்குக் காரணமாயின. நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரே இச்சட்டம் நமக்கும் வந்தது. அதற்கு முன்னர், 1945-இல் பி. என். பணிக்கர் முயற்சியால் 47 நூலகங்களை ஒன்று சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலைச் சங்கம் திருவிதாங்கூரில் பணியாற்றியது. அங்கே மக்கள் தொடங்கினர். அரசு துணை நின்றது. இங்கே அரசு தொடங்கியது. மக்கள் துணை நிற்க வேண்டும். எல்லை மாவட்டத்தார் ஆகிய நமக்கு இரு மரபுகளும் உரியவை.

சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரி ரூபாய் ஒன்றுக்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி சேர்க்கப்பட்டிருக்கும். இருநூறு ரூபாய் வரி கட்டும் வீட்டுக்காரர் இருபது ரூபாய் நூலகத்திற்குத் தருகின்றார். ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் இவ்வரியைத் திரட்டி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அளிக்க வேண்டும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகமும், அதன்கீழ் இயங்கும் கிளை நூலகங்களும், ஊர்ப்புற நூலகங்களும், பகுதி நேர நூலகங்களும் இந்த வரியின் துணையோடு நடக்கின்றன. ஆகவே அங்கே செல்லும் நம் பிள்ளை எவருடைய தயவையும் நாடிச் செல்லவில்லை. அவன் தாய் வயலில் நின்று ஈட்டிய கூலியின் ஒரு துளி அந்த நாற்காலியில் இருக்கின்றது.

கல்வியில் நம் மாவட்டம் முன்னணியில் உள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். அதே கணக்கெடுப்பில் பட்டியல் இனத்தார் மாவட்ட மக்கள் தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காடு. அவர்களும் ஊர் ஊராகச் சிதறி வாழ்கின்றனர். சிறு எண்ணிக்கையினராகிய நாம் ஒவ்வொரு குடியிருப்பிலும் தனித்தனியே நூலகம் நடத்துவது இயலுமா? இயலாது. பொது நிறுவனம் செம்மையாக நடப்பதால் பெரும்பயன் பெறுவோர் நாமே. அது சீர்கெட்டால் முதலில் இழப்போரும் நாமே. சொந்தத்தில் புத்தகம் வாங்கும் வசதி உள்ளவர்க்கு நூலகம் ஒரு கூடுதல் வசதி. நமக்கு அது ஒன்றே வழி.

நூலகம் ஓர் ஊருக்கு என்னென்ன செய்யும்? வேலை தேடும் இளைஞனுக்கு அரசுப் பணித் தேர்வுக்குரிய நூல்களும் செய்தித்தாள்களும் ஓரிடத்தில் கிடைக்கின்றன. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஓசையற்ற ஒரு மேசை கிடைக்கின்றது. எத்துணையோ பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தீர்மானித்தது அறிவு அன்று, அந்த மேசையே. சிறுவர்க்குப் பாடநூலுக்கு அப்பால் உள்ள உலகம் கிடைக்கின்றது. அரசின் திட்டங்களையும் உரிமைகளையும் பற்றிய செய்தி இடைத்தரகரின்றிக் கிடைக்கின்றது. வேறு சாதியாரும் வேறு சமயத்தாரும் ஒரே மேசையில் ஒரே தாளைப் பகிர்ந்து படிக்கும் பழக்கமும் ஏற்படுகின்றது. பழக்கம் உண்டாக்கும் மாற்றத்தைப் பல வேளைகளில் மேடைப்பேச்சு உண்டாக்குவதில்லை.

நூலகம் மக்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் இடமன்று, மக்களிடம் செல்ல வேண்டியது என்பதையும் தமிழகம் முன்னரே காட்டியிருக்கின்றது. மன்னார்குடிப் பக்கம் மேலவாசல் என்னும் ஊரில் 1931 அக்டோபரில் மாட்டுவண்டியில் நூலகம் ஒன்று புறப்பட்டது. கனகசபை என்னும் அன்பர் அமைத்த அந்த வண்டியை அரங்கநாதனே தொடங்கி வைத்தார். ஊர் ஊராகச் சென்று வண்டி புத்தகம் கொடுத்தது. சாலையும் மின்விளக்கும் இல்லாத நாளில் மாடு இழுத்த புத்தகத்தை, எல்லா வசதியும் உள்ள நாளில் நாம் நடந்து சென்று எடுக்கத் தயங்கலாமா?

தயக்கத்திற்குக் காரணம் உண்டு என்று பெரியவர்கள் சிலர் சொல்கின்றனர். போனால் மதிக்கமாட்டார்கள், நம்மைப் பற்றிய நூல்களும் அங்கே இல்லை என்கின்றனர். இரண்டும் எண்ணத்தக்கவையே. மதிப்பைப் பற்றி ஏற்கெனவே சொன்னோம். அவமதிப்பு நேர்ந்தால் எழுத்தில் முறையிடக் கழகம் உடன் நிற்கும். எங்கோ ஒருவர் முகம் சுளிப்பார் என்பதற்காக நம் சொத்தை நாமே விட்டுக்கொடுப்பது முறையன்று.

இரண்டாவதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். பண்டித அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி 1914-இல் மறையும்வரை எழுதினார். அவ்வெழுத்துகள் பல பத்தாண்டுகள் பொது வாசகர் கைக்கு எட்டாமலே கிடந்தன. 1999-இல்தான் பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. நம் குடியிருப்பைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் அத்தொகுதிகளைத் தேடிக் கிளை நூலகத்திற்குச் சென்றார். இல்லை என்ற விடை வந்தது. அவர் திரும்பிவிடவில்லை. நூலகரிடம் கேட்டு வாசகர் பரிந்துரையாக எழுதிக் கொடுத்தார். தோழியர் நால்வரையும் எழுத வைத்தார். பல மாதங்களுக்குப் பின் நூல் வந்தது. இன்று அதனை எடுத்துச் செல்வோருள் நம்மவர் அல்லாதாரும் உள்ளனர் என்று நூலகரே எங்களிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். நம் அலமாரியில் அந்நூல் இருந்திருந்தால் நாம் மட்டுமே படித்திருப்போம். பொது நூலகத்தில் இருப்பதால் ஊரே படிக்கின்றது. நம் வரலாறு நம் குடியிருப்புக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதன்று. அது நாட்டின் வரலாறு.

கேட்பவர் இல்லாத நூலகம் என்னவாகும் என்பதையும் கண்டிருக்கின்றோம். 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் அமைக்க வகை செய்யப்பட்டது. நம் மாவட்டத்தின் ஊராட்சிகளும் அத்திட்டத்தில் அடங்கியவை. தமிழகமெங்கும் கட்டடங்கள் எழுந்தன; பல ஊர்களில் அவை விரைவிலேயே பூட்டிக் கிடந்தன. பூட்டியவரைக் குறை சொல்கின்றோம். பூட்டியிருக்கின்றதே என்று கேட்காத நம்மையும் சேர்த்தே குறை சொல்ல வேண்டும்.

அப்படியாயின் சேர்ந்த நிதியை என்ன செய்வது? கட்டடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தனித்த கட்டடமாக நின்றுவிட வேண்டாம் என்கின்றோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் நமக்கு வழிகாட்டும். க. மு. செல்லப்பா என்பவர் 1933-இல் தம் இல்லத்தில் வைத்துத் தொடங்கிய சிறு நூலகமே அதன் வித்து. ஊரார் பொருள் தந்தனர். பின்னர் நகர அவை அதனை ஏற்று வளர்த்தது. 1981-இல் தீயிட்டு அழிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அந்த இழப்புக்காகத் தமிழுலகமே அழுதது. ஒருவர் வீட்டில் பிறந்தது எல்லார்க்கும் உரியதானமையால்தான் எல்லாரும் அழுதனர். வித்து நம்முடையதாக இருக்கட்டும். மரம் பொதுவாக வளரட்டும்.

ஆகவே நான்கு செயல்களை இந்த அவையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, இவ்வாண்டு முடிவதற்குள் நம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவராவது அருகிலுள்ள நூலகத்தில் உறுப்பினராக வேண்டும். காப்புத் தொகை கட்ட இயலாதவர்க்குக் கழகம் கட்டும்.

இரண்டாவது, நூலகங்களில் வாசகர் வட்டம் என்னும் அமைப்பு உண்டு. அதில் நம் இளைஞர் இருவர் தவறாமல் இடம்பெற வேண்டும். பொருள் உள்ளவர்கள் புரவலராகச் சேர வேண்டும். கூட்டத்திற்குச் செல்பவன் குறை சொல்வதற்காக மட்டும் செல்லாமல், நாற்காலி எடுத்துப் போடவும் செல்ல வேண்டும்.

மூன்றாவது, நமக்கு வேண்டிய நூல்களின் பட்டியலை ஆண்டுதோறும் அணியம் செய்து நூலகத்தில் அளிக்க வேண்டும். அண்ணலின் எழுத்துகள், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா, அய்யன்காளி ஆகியோரின் வரலாறுகள், நம் காலத்து எழுத்தாளர்களின் படைப்புகள் யாவும் அதில் இருக்கட்டும். நம் பெரியவர்களின் நினைவுகளை எழுதித் தொகுத்து ஒரு படி நூலகத்தில் சேர்ப்பதும் இதில் அடங்கும். அவர்கள் மறைந்தபின் அந்த நூல்களை எந்தப் பதிப்பகத்திலும் வாங்க இயலாது.

நான்காவது, சேர்ந்த நிதியில் நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள ஒரு படிப்பகம் கட்டுவோம். மாலையில் பிள்ளைகள் படிக்கட்டும். எழுத்தறியாத தாய்மார்க்கு நாளிதழை உரக்கப் படித்துக் காட்டட்டும். ஊரார் வாடகையின்றி இடமும் தளவாடமும் தந்து முறைப்படி வேண்டினால் பகுதி நேர நூலகம் அமைக்கும் வழக்கம் நூலகத் துறையில் உண்டு. அந்தப் படிப்பகத்தைக் காட்டி விண்ணப்பிப்போம். நூலகம் வந்தால் அதன் கதவு எல்லாத் தெருவினர்க்கும் திறந்திருக்கும் என்பதையும் இன்றே முடிவு செய்வோம். ஒருகாலத்தில் நம்மைத் திண்ணையில் நிற்க வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் தெருவுக்கு வந்து, நம் விசுப்பலகையில் அமர்ந்து படிக்கட்டும். அதனினும் சிறந்த வெள்ளி விழா நினைவுச் சின்னம் வேறு இல்லை.

இளைஞர்களே, அணை நம் தாத்தன்மார் காலத்திலேயே கட்டப்பட்டுவிட்டது. கால் தூர்ந்திருக்கின்றது, அவ்வளவுதான். தூர் வாருவது நம் முன்னோர்க்குப் புதிய வேலையன்று. அவர்கள் பிறர் வயலுக்காகச் செய்தனர். நாம் நமக்காகவும் எல்லார்க்காகவும் செய்வோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கழக அலுவலகத்தில் உறுப்பினர் படிவங்கள் இருக்கும். முதல் படிவத்தை நிரப்ப யார் வருகின்றீர்கள் என்று பார்ப்பதற்கு நாங்கள் அங்கே காத்திருப்போம்.